சர்ச் காணிக்கை எந்த ஹோமுக்குப் போகணும்னு யாரு, எப்படி முடிவு பண்றாங்க?

ஞாயித்துக்கிழமை காணிக்கைப் பை நம்ம பெஞ்சு பக்கம் வருது, காசு போடுறோம். வருஷக் கடைசியில ஆண்டறிக்கை குடுப்பாங்க, அதுல "தரும உதவிகள்"னு ஒரு வரி, நேரா ஒரு தொகை, அவ்ளோதான் நம்மள்ல நெறைய பேருக்குத் தெரியும். அந்தத் தொகை ஏன் அந்த முதியோர் இல்லத்துக்குப் போச்சு, ஏன் பக்கத்துத் தெருவுல சாயங்காலம் புள்ளைங்களுக்கு ட்யூஷன் எடுக்கறவங்களுக்குப் போகல, இத யாரு உக்காந்து முடிவு பண்ணாங்கன்னு கேட்டா தெரியாது. கேக்கவும் கூச்சமா இருக்கும், காசு விஷயத்துல சந்தேகப்படுறான்னு நெனச்சுடுவாங்களோன்னு. வடசென்னையில ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் சர்ச் கமிட்டிக்கு இப்பதான் புதுசா வர்ற தம்பி தங்கச்சிங்க இத அடிக்கடி கேக்கறாங்க, அதனால எனக்குத் தெரிஞ்சத மொதல்ல இருந்து சொல்றேன்.

சர்ச்சுக்கு வர்ற எல்லா காசையும் கமிட்டி இஷ்டத்துக்குத் தூக்கி ஒரு ஹோமுக்குக் குடுத்துட முடியாது, இதத்தான் மொதல்ல புரிஞ்சிக்கணும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைன்னா டயோசிசுக்கு, அதாவது பேராயர் பாக்கற மண்டலத்துக்கு, கட்ட வேண்டிய தொகை இருக்கு, கோயில் வேலை பாக்கற கோயில்குட்டி சம்பளம், கரண்ட் பில்லு, பெயின்ட்டு, மைக் செட்டு ரிப்பேரு எல்லாம் போகணும். கத்தோலிக்கக் கோயில்ல சில ஞாயிறு உண்டியல் எங்க போகணும்னு முன்னாடியே முடிவாகிடும், அக்டோபர்ல வர்ற மறைபரப்பு ஞாயிறு காணிக்கை மிஷனுக்குப் போகும், பெரிய வெள்ளிக்கிழமை காணிக்கை எருசலேம் பக்கத்துப் புண்ணிய இடங்களுக்கும் அங்க இருக்கற கிறிஸ்தவங்களுக்கும் போகும், தவக்காலத்துல கத்தோலிக்கத் திருச்சபையோட சமூக சேவை அமைப்பான காரித்தாஸ் இந்தியாவுக்குன்னு தனியா வாங்குவாங்க. அதுல பங்குத்தந்தையே நெனச்சாலும் கைவைக்கக் கூடாது. 1983ல வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்புலயே இது இருக்கு, ஜனங்க எதுக்குன்னு சொல்லிக் குடுத்தாங்களோ அதுக்கு மட்டும்தான் செலவு பண்ணணும்னு. சி.எஸ்.ஐ.ல மிஷனரி காணிக்கைன்னு கவர்ல எழுதிப் போட்டா அதுவும் அப்படித்தான். இதெல்லாம் போக மிஞ்சறதுதான், ஏழைகள் ஃபண்டோ அறுப்பின் பண்டிகை ஏலத்துல வந்ததோ, கமிட்டி மேசைக்கு வரும். நாம நெனைக்கறத விட அது சின்னத் தொகையாத்தான் இருக்கும், அதனாலதான் அத எங்க குடுக்கறோங்கறதுல இவ்ளோ கவனம் வேணும்.

சரி, மேசையில உக்கார்றது யாரு? சி.எஸ்.ஐ.ல ஆயரும் (அந்த சபையோட போதகர்) சபை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பாஸ்டரேட் கமிட்டியும். கத்தோலிக்கத்துல பங்குத்தந்தை, பங்குப்பேரவை, அது இல்லாம நிதிக்குழுன்னு ஒண்ணு கட்டாயம் இருக்கணும், ஒவ்வொரு பங்குலயும், அதாவது ஒவ்வொரு பங்குக் கோயில்லயும் இருக்கணும்னு அதே சட்டத் தொகுப்பு சொல்லுது. தெருவுக்குத் தெரு இருக்கற சுயாதீன சபைகள்ல பெரும்பாலும் பாஸ்டரும் அவர் கூட இருக்கற ரெண்டு மூணு மூப்பரும்தான். இது தவிர சர்ச்சுக்குள்ளயே தனித்தனி கை இருக்கு, பெண்கள் ஐக்கிய சங்கம் சமைக்கறப்ப ஒவ்வொரு பிடியா எடுத்து வைக்கற பிடியரிசி சேத்து வச்சு குடுப்பாங்க, ஏழைங்களுக்கு உதவற கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபைக்காரங்க தனி உண்டியல் வச்சிருப்பாங்க, வாலிபர் ஐக்கியம் கார் வாஷ் பண்ணி, கேரல் ரவுண்ட்ஸ் போய் சேத்த காச தாங்களே எங்கயாவது குடுப்பாங்க.

இப்ப நான் உள்ள இருந்து பாத்து சொல்ற முக்கியமான விஷயம் இதுதான். எந்த சர்ச்சா இருந்தாலும் காசு பெரும்பாலும் தெரிஞ்சவங்களுக்குத்தான் போகுது. செக்ரட்டரியோட சித்தப்பா பையன் நடத்தற ஹோமு, ஆயர் முன்னாடி இருந்த ஊர்ல பாத்த போர்டிங்கு, யாரோ ஒரு அங்கிள் வருஷா வருஷம் பொறந்தநாளுக்கு சாப்பாடு போடுற இல்லம், இப்படித்தான் பேர் மேசைக்கு வருது. இது கெட்ட எண்ணத்துல நடக்கறது கிடையாது. தெரிஞ்ச இடத்துக்குக் குடுத்தா காசு எங்க போச்சுன்னு கண்ணுக்குத் தெரியும், ஏமாத்த முடியாது, அது நல்லதுதான். வியாசர்பாடியில 1960கள்ல மாண்டோவானின்னு ஒரு சலேசிய சபை ஃபாதர் ஏழைங்களுக்காக உண்டாக்கின பியாட்டிட்யூட்ஸ்ங்கற தொண்டு நிறுவனத்துக்கு நம்ம பக்கத்து ஜனங்க இன்னைக்கும் நம்பிக் குடுக்கறாங்கன்னா, தாத்தா பாட்டி காலத்துல இருந்து கண்ணால பாத்ததுதான் காரணம். ஆனா யாருக்கும் தெரியாதவங்க கதி என்ன? கமிட்டியில சொந்தக்காரங்க இல்லாத, இங்கிலீஷ்ல லெட்டர் எழுதத் தெரியாத, ஆயர் வீட்டு கேட்டு வரைக்கும் வரவே தயங்கற ஆளுங்களுக்கு யாரு கை தூக்குவா? நல்ல சர்ச்சுல இருக்கற எல்லா விதியும், பேப்பர் கேக்கறது, நேர்ல போய்ப் பாக்கறது, ரெண்டு கையெழுத்து போடறது, எல்லாமே இந்த ஒரு ஓட்டைய அடைக்கறதுக்குத்தான்.

இது புதுப் பிரச்சனையும் கெடையாது. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்த எடுத்துப் பாருங்க. எருசலேம் சபையில தினமும் விதவைங்களுக்கு உதவி குடுக்கறாங்க, அதுல கிரேக்க மொழி பேசற யூத விதவைங்கள விட்டுட்டாங்கன்னு முறுமுறுப்பு கெளம்புது. குடுத்தவங்க உள்ளூர் எபிரேயக்காரங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச விதவைங்க கண்ணுக்குப் பட்டாங்க, மத்தவங்க படல, ஒதுக்கணும்னு யாரும் உக்காந்து திட்டம் போட்டதா அங்க எழுதல. இதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழிதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. ஏழு பேரத் தேர்ந்தெடுத்தாங்க, ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா, ஏழும் கிரேக்கப் பேரு. யாருக்குக் கெடைக்கலன்னு சத்தம் வந்துச்சோ அந்தப் பக்கத்து ஆளுங்க கையிலயே பொறுப்பக் குடுத்துட்டாங்கன்னு தோணுது. நம்ம கமிட்டியில மீன் விக்கற அக்கா எத்தன பேர், ஆட்டோ ஓட்டற அண்ணன் எத்தன பேர், ஹவுசிங் போர்டுல குடியிருக்கறவங்க எத்தன பேர்னு எண்ணிப் பாத்தா போதும், காசு எந்தத் தெருவுக்குப் போகாதுன்னு முன்னாடியே சொல்லிடலாம்.

பவுலும் இதுல கெட்டிக்காரர். எருசலேம் ஏழைங்களுக்குன்னு ஊர் ஊரா காணிக்கை சேத்தாரு, எடுத்துட்டுப் போறப்ப தனியாப் போகல, சபைங்களே தேர்ந்தெடுத்த ஆளையும் கூட வச்சுக்கிட்டாரு. கடவுளுக்கு முன்னாடி நேர்மையா இருந்தா மட்டும் பத்தாது மனுஷனுக்கு முன்னாடியும் இருக்கணும்னு கொரிந்தியருக்கு எழுதின ரெண்டாவது கடிதம் 8ஆம் அதிகாரத்துல காரணமும் சொல்லிட்டாரு. அதனால கணக்கு கேக்கறவன் விசுவாசம் இல்லாதவன்னு யாராவது சொன்னா அந்த அதிகாரத்தப் படிங்கன்னு தைரியமா சொல்லுங்க. தீமோத்தேயுக்கு எழுதின முதல் கடிதம் 5ஆம் அதிகாரத்துல இன்னும் பச்சையா விதியே இருக்கு, விதவைகள் லிஸ்ட்ல சேக்கறதுக்கு 60 வயசுக்குக் கொறையக் கூடாது, புள்ளைங்களோ பேரப்புள்ளைங்களோ இருந்தா அவங்கதான் மொதல்ல பாக்கணும், சபை மேல பாரத்தப் போடக் கூடாது, ஆதரவே இல்லாதவங்கள சபை பாக்கட்டும்னு. மொத்தத்துல யாருக்குன்னு வரையறை வைக்கறது அன்புக்கு விரோதம் கெடையாது.

இப்ப பேப்பர் விஷயம். புள்ளைங்க தங்கற எந்த ஹோமா இருந்தாலும் 2015 சிறார் நீதிச் சட்டப்படி பதிவு பண்ணியிருக்கணும், கவர்ன்மென்ட் கிட்ட காசு வாங்கினாலும் வாங்கலன்னாலும் பண்ணணும், பண்ணாம நடத்தினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா ஒரு லட்சத்துக்குக் கொறையாத அபராதம், இல்ல ரெண்டுமேன்னு சட்டத்துல இருக்கு. அந்தப் பதிவுக்கும் காலாவதி தேதி உண்டு, அதப் பாருங்க. "அப்ளை பண்ணியிருக்கோம் பிரதர், வந்துரும்"னு சொன்னா, வந்ததும் வாங்கன்னு மரியாதையா சொல்லிட்டு விட்டுடலாம். ட்ரஸ்ட் டீடோ சொசைட்டி பதிவோ, பான் கார்டு, கடைசி ரெண்டு மூணு வருஷ ஆடிட் கணக்கு, ட்ரஸ்ட் பேர்லயே இருக்கற பேங்க் அக்கவுண்ட், இவ்ளோ போதும். நடத்தறவர் சொந்த ஜிபே நம்பருக்குப் போடச் சொன்னா எவ்ளோ நல்லவரா இருந்தாலும் போடக் கூடாது, அவருக்கே அது பின்னாடி ஆபத்து.

வரிச்சலுகையப் பத்தி நம்ம ஜனங்களுக்கு ஒரு குழப்பம் இருக்கு, அதயும் சொல்லிடறேன். 80ஜின்னு எல்லாரும் சொல்ற அந்தச் சலுகை பொதுவா சர்ச் காணிக்கைக்குக் கெடைக்காது, ஒரு குறிப்பிட்ட மதத்து ஜனங்களுக்குன்னே இருக்கற ட்ரஸ்ட்டுக்கு அது கெடையாது. 80ஜி பதிவு இருக்கற தொண்டு நிறுவனத்துக்கு நேரா குடுத்தா ரசீது கெடைக்கும், அதுவும் 2000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் குடுத்தா செல்லாது, புது வரி முறையில இருக்கறவங்களுக்கு அந்தக் கழிவே இல்ல. இன்னொரு பக்கம் பொருளாளர் கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, 2023 பட்ஜெட்ல கொண்டு வந்த மாத்தத்துக்கு அப்புறம் ஒரு ட்ரஸ்ட் இன்னொரு ட்ரஸ்ட்டுக்கு 100 ரூபாய் குடுத்தா 85 ரூபாயத்தான் தருமச் செலவா வருமான வரிக் கணக்குல எடுத்துக்குவாங்க. அதனால ஹோமுக்கு செக் எழுதறதுக்குப் பதிலா ஸ்கூல் ஃபீஸையோ மருந்துக் கடை பில்லையோ நேரா கட்டலாமேன்னு உங்க ஆடிட்டர் சொன்னா அதுல ஒரு நியாயம் இருக்கு.

அப்புறம் வெளிநாட்டுக் காசு. கனடாவுல இருக்கற மச்சான் சர்ச் மூலமா ஒரு ஹோமுக்கு ஹெல்ப் பண்றேன்னு சொல்றாருன்னு வைங்க. அவர் இன்னும் இந்திய பாஸ்போர்ட்டோட இருந்து, தன் சொந்த சம்பாத்தியத்துல, முறையா பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டுப் பணமாக் கணக்காகாது. கனடா குடியுரிமை வாங்கிட்டாருன்னா ஆகும், அப்ப எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத சர்ச் அதத் தொடவே கூடாது. பதிவு இருந்தாலும், 2020ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் அந்தக் காச டெல்லியில ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச் அக்கவுண்ட்லதான் மொதல்ல வாங்கணும், வாங்கினத இன்னொரு அமைப்புக்குக் கைமாத்தி விடவும் முடியாது. முன்னாடி பெரிய அமைப்பு வாங்கி சின்னச் சின்ன ஹோமுக்குப் பிரிச்சுக் குடுக்கும், அது நின்னு போச்சு, உள்ளூர் சர்ச்சுங்கள நம்பி வர்ற லெட்டர் எண்ணிக்கை ஏறினதுக்கு அதுவும் ஒரு காரணம்னு நான் நெனைக்கறேன்.

பேப்பர் எல்லாம் சரியா இருந்தாலும் நேர்ல போகாம குடுக்கக் கூடாதுங்கறதுல நான் ரொம்பப் பிடிவாதம். வின்சென்ட் தே பவுல் சபைய 1833ல பாரிஸ்ல ஃப்ரெடெரிக் ஓசானாம்னு ஒரு காலேஜ் ஸ்டூடண்டும் அவர் கூட்டாளிங்களும் ஆரம்பிச்ச நாள்ல இருந்து அவங்க பழக்கமே வீட்டுக்குப் போய்ப் பாக்கறதுதான், அதுவும் தனியா இல்லாம ரெண்டு பேரா போவாங்க. எங்க கமிட்டியில ஒரு அக்கா இருந்தாங்க, கார்ப்பரேஷன் ஸ்கூல்ல டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. ரெட்ஹில்ஸ் பக்கம் ஒரு ஹோமுக்குப் போனப்ப ஆபீஸ் ரூம்ல சேர் போட்டு, கூல்ட்ரிங்க்ஸ் வச்சு, லேப்டாப்ல ஸ்லைடு காட்டினாங்க. அக்கா "இதோ வந்துடறேன்"னு எழுந்து நேரா பின்கட்டுக்குப் போயிட்டாங்க. வாசப்படியில கெடந்த செருப்பப் பாத்தாங்க, புள்ளைங்க சைஸ்ல எத்தன ஜோடின்னு. பாத்ரூம் கதவத் தள்ளி உள்பக்கம் தாப்பா இருக்கான்னு போட்டுப் பாத்தாங்க. சமையக்கட்டுல பருப்பு டப்பாவத் தொறந்தாங்க, "நேத்து ராத்திரி இன்னாம்மா செஞ்சீங்க"ன்னு சமைக்கற அம்மாவ கேட்டாங்க, "உப்புமா"ன்னு சொன்னாங்க அவங்க. வெளிய வந்து சொவரோரம் நின்ன பையன் கிட்ட "இன்னாடா கண்ணு, நேத்து நைட்டு இன்னா சாப்ட்ட"ன்னு கேட்டா, "உப்புமா மிஸ், சக்கர வச்சு"ன்னான். அக்கா நோட்ல ஒரு டிக் போட்டாங்க. வேற ஒரு இடத்துல ஆபீஸ்ல சப்பாத்தி குருமான்னு சொல்லி புள்ளைங்க வேற சொன்னப்ப அக்கா சண்ட போடல, யாரையும் கேள்வி கேக்கல, அந்த ரெண்டு பதிலையும் நோட்ல எழுதிட்டு வந்து கமிட்டியில படிச்சாங்க, அந்த வருஷம் அந்த இடத்துக்குக் குடுக்கல. ஆடிட் ரிப்போர்ட்ல இந்த உப்புமா வராது.

போற எடத்துல புள்ளைங்கள வரிசையா நிக்க வச்சு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கறது இருக்கே, அத தயவு செஞ்சு நிறுத்துங்க. பாதுகாப்புத் தேவைப்படற புள்ளைங்க அடையாளத்த மீடியாவுல வெளிய விடக் கூடாதுன்னு அதே சிறார் நீதிச் சட்டம் சொல்லுது. சட்டம் ஒரு பக்கம் கெடக்கட்டும், நாளைக்கு அந்தப் பொண்ணு காலேஜ் போறப்ப நம்ம குடுத்த பிஸ்கட் பாக்கெட்டோட நிக்கற போட்டோ யார் போன்லயோ கெடக்கணுமா? ரசீது இருக்கு, பில் இருக்கு, போன ரெண்டு பேரோட கையெழுத்து இருக்கு, கணக்குக்கு அது போதும்.

ஹோமுங்கள பத்திப் பேசறப்ப இன்னொண்ணும் சொல்லணும். ஹோம்ல இருக்கற எல்லாப் புள்ளைங்களும் அப்பா அம்மா இல்லாதவங்க கெடையாது, அம்மா இருப்பாங்க, வீட்டு வேலைக்குப் போவாங்க, ஃபீஸ் கட்ட முடியல, குடிகார அப்பன் கிட்ட விட்டுட்டுப் போக பயம், அதனால கொண்டாந்து விட்டிருப்பாங்க. புள்ளைய ஹோம்ல சேக்கறது கடைசி வழியாத்தான் இருக்கணுங்கறது சட்டத்தோட அடிப்படைக் கொள்கையிலயே இருக்கு. அப்ப அந்த அம்மாவுக்கு வாடகையில கொஞ்சமும் ஸ்கூல் ஃபீஸும் குடுத்து, சாயங்காலம் ட்யூஷன் சென்டர் ஒண்ண தாங்கினா புள்ள அம்மா கூடவே இருக்குமே. எனக்கு இதுல தெளிவான அபிப்பிராயம் இருக்கு, ஹோமுக்குக் குடுக்கறது சுலபம்ங்கறதாலதான் சர்ச்சுங்க ஹோமுக்குக் குடுக்குது. ஒரு செக், ஒரு ரசீது, வேலை முடிஞ்சுது. இருபது வீட்டுக்கு மாசா மாசம் போய்ப் பாக்கறதுக்கு ஆள் வேணும்.

எப்பக் குடுக்கறோங்கறதும் எங்கக் குடுக்கறோங்கற அளவுக்கு முக்கியம். கிறிஸ்துமஸ் வாரத்துல ஒரு ஹோமுக்குப் போய்ப் பாருங்க, காலையில ஒரு சர்ச் கேக் குடுத்திருக்கும், மத்தியானம் ஒரு கம்பெனி பிரியாணி, சாயங்காலம் இன்னொரு வாலிபர் குழு திரும்ப பிரியாணி, புள்ளைங்களுக்கு வயித்தால போகும். ஜூன் மாசம் போங்க, ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. நம்ம காசிமேட்டு சனங்களுக்கு இதுல டபுள் அடி. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுங்களுக்கு மீன்பிடித் தடைக்காலம், வருமானம் நின்னு போகும், அது முடியறதுக்குள்ள ஸ்கூல் தொறந்துடும், ஃபீஸு, யூனிஃபார்ம், நோட்டு, எல்லாம் கந்துவட்டிக்கு வாங்கித்தான். ராயபுரம் பேதுரு கோயில் படகுக்கார ஜனங்க கட்டினது, இந்தக் கடல் வருமானத்துல எழும்பின கோயிலுங்க நம்ம பக்கம் இருக்கறப்ப, தர்ம பட்ஜெட்ட டிசம்பர்ல கொட்டித் தீத்துட்டு மே மாசம் கைய விரிக்கறது எப்படி நியாயம்? டிசம்பர்ல வர்ற காச தனியா எடுத்து வச்சு மே கடைசியில குடுக்கணும்னு ஒரு தீர்மானம் போட்டா போதும், கூடுதலா ஒரு ரூபா கூட தேவையில்ல.

ஆபத்து காலத்துக்குன்னும் கொஞ்சம் ஒதுக்கி வைக்கணும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் கலந்துச்சே, வீடு, படகு, வலை எல்லாம் கருப்பா பிசுபிசுன்னு ஆயிடுச்சு. அப்படிப்பட்ட நேரத்துல வேன் எடுத்துட்டுப் போறவங்க மெயின் ரோட்டுல எறங்கி கண்ணுல பட்ட மொத தெருவுலயே அரிசிப் பொட்டலத்தக் குடுத்து முடிச்சுடுவாங்க, உள்ள தள்ளி இருக்கற குப்பத்துக்கு ஒண்ணும் போகாது. அதனால போறதுக்கு முன்னாடி அந்த ஊர் ஆள் ஒருத்தருக்கு போன் போட்டு, யாருக்கு இன்னும் போய்ச் சேரல, என்ன வேணும்னு கேக்கணும். அரிசி ஏற்கனவே மூணு மூட்ட இருக்குண்ணே, வலைதான் போச்சுன்னு சொன்னா வலைக்குக் குடுக்கணும்.

நம்ம சபை ஜனங்களுக்கு மட்டுமா, வெளிய இருக்கறவங்களுக்குமான்னு எல்லாக் கமிட்டியிலயும் ஒரு வாக்குவாதம் வரும். விசுவாசக் குடும்பத்தாருக்கு விசேஷமா செய்யுங்கன்னு கலாத்தியர் 6ல இருக்கறது உண்மை, அதே வசனத்துல அதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் நன்மை செய்யுங்கன்னும் இருக்கு. பட்டினியா இருக்கறவன் கிட்ட எந்த சர்ச்சுன்னு கேக்கக் கூடாது, குடுத்துட்டு ஞாயித்துக்கிழமை வான்னு நிபந்தன போடவும் கூடாது. இதுல எனக்கு மாத்துக் கருத்தே கெடையாது.

தொகையப் பிரிக்கறதுல ஒரு வழக்கமான தப்பு நடக்கும். உதாரணத்துக்கு 1,20,000 ரூபாய் இருக்குன்னு வைங்க, யாரையும் மனசு நோக வைக்க வேணாம்னு இருவத்தி நாலு இடத்துக்கு ஆளுக்கு 5000 குடுப்பாங்க, ரசீது நெறையா வரும், எந்த இடத்துலயும் ஒண்ணும் மாறாது. மூணு இடத்துக்கு நாப்பதாயிரம், அதயும் மூணு வருஷத்துக்கு நிச்சயமாத் தர்றோம்னு சொல்லிக் குடுத்தா அவங்க ஒரு ட்யூஷன் டீச்சர தைரியமா வேலைக்கு வைக்கலாம். மூணு வருஷம் முடிஞ்சதும் திரும்பப் போய்ப் பாத்து, தொடரலாமா வேற எடத்துக்கு மாத்தலாமான்னு பேசலாம், நிறுத்தறதா இருந்தா ஆறு மாசம் முன்னாடி சொல்லிடணும். பேச்சு நடக்கறப்ப கமிட்டியில யாருக்காவது அந்த அமைப்போட சொந்தமோ பழக்கமோ இருந்தா அத மொதல்லயே சொல்லிட்டு, முடிவு எடுக்கறப்ப ரூம விட்டு வெளிய போகணும், மினிட்ஸ் புக்குல அதயும் எழுதணும். ஆயர் வீட்டு சொந்தமா இருந்தாலும் அதே விதிதான்.

உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு நல்ல இடத்துக்கு உங்க சர்ச் உதவணும்னு நெனச்சீங்கன்னா, ஆராதனை முடிஞ்சு வாசல்ல ஆயர் கையப் புடிச்சு சொன்னா அது அங்கயே காத்துல போயிடும். பட்ஜெட் போடறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, நெறைய சபையில அது ஜனவரி பிப்ரவரி, செக்ரட்டரிக்கு ஒரு பக்கத்துல லெட்டர் எழுதிக் குடுங்க. யாருக்கு, எதுக்கு, எவ்ளோ, எத்தன வருஷம், உங்களுக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம், அவ்ளோதான், கூட அந்தப் பதிவு பேப்பர் ஜெராக்ஸ் வச்சிடுங்க. கமிட்டியில ரெண்டு பேர ஒரு சனிக்கிழமை பைக்ல உக்கார வச்சு நீங்களே கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க, முன்னாடியே போன் பண்ணி சொல்லாம போனா இன்னும் நல்லது. அவங்க இந்த வருஷம் முடியாதுன்னு சொன்னா என்ன காரணம்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க, பேப்பர் கொறையா இருந்தா அத சரி பண்ணி அடுத்த வருஷம் திரும்பக் குடுக்கலாம், அதுவரைக்கும் உங்க அன்பியத்துலயோ (கத்தோலிக்கத்துல அக்கம்பக்கத்துக் குடும்பங்க சேர்ற சின்னக் குழு) வீட்டு ஜெபக் கூட்டத்துலயோ நாலு குடும்பம் சேந்து மாசம் ஆளுக்கு 250 ரூபாய் போட்டு அந்த ஒரு பொண்ணோட பஸ் பாஸையும் டெர்ம் ஃபீஸையும் பாத்துக்கலாம்.